யாருடைய பேரில் எடுப்பது

10.06.2025, செவ்வாய்

பெருநாள் முடிந்து மூன்று நாள். குர்பான் இறைச்சியும் முடியவில்லை, வாகனக் கதையும் முடியவில்லை. இறைச்சியையாவது பிரிட்ஜில் வைக்கலாம்.

மீன் ஏற்ற ஒரு புது கெப் எடுப்பதா, வேண்டாமா. காலையில் எனக்கு மூத்தவர் இன்பாஸ் நானா "எடுப்பம்" என்கிறார். மத்தியானம் வாப்பா "பார்ப்பம்" என்கிறார். இரவு உம்மா "படுப்பம்" என்று லைட்டை அணைக்கிறார். இதுதான் ஒரு மாதமாக எங்கள் வீட்டுப் பாராளுமன்றம்.

11.06.2025, புதன்

எங்கள் பழைய கெப்புக்கு நான் வைத்த பெயர் ஹாஜியார். வெள்ளை நிறம், எந்நேரமும் இருமல், வழியில் எங்கே நிற்பார் என்று படைத்தவனுக்குத்தான் தெரியும். வாப்பாவும் நானாவும் கொட்பே துறைமுகத்தில் மீன் ஏற்றிக் கந்தளாய்க்குக் கொண்டுபோகிற வாகனம். ஐஸ் உருகி வடிந்த உப்புத் தண்ணீர் பின்பக்கத் தட்டைத் தின்றுவிட்டது. ஓட்டைக்குள்ளால் பார்த்தால் றோட்டு ஓடுகிறது.

அவர் ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை ரெக்கோட் பண்ணி நானாவின் போனில் அலாரமாகப் போட்டுவிட்டேன். சுபஹுத் தொழுகைக்கு முன்னால் அது இருமத் தொடங்க, யாரோ வாகனத்தைத் திருடுகிறான் என்று வாப்பா சாரனைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நானா என்னைக் கிணற்றடி வரைக்கும் துரத்தினார். வாப்பா படியில் இருந்துகொண்டு, "அதக் களவெடுக்கிறவனுக்கு நான் டீசலும் அடிச்சுக் குடுப்பன்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். வாப்பா பகிடிக்குச் சொல்லவில்லை.

15.06.2025, ஞாயிறு

வளவின் மேற்குப் பக்கத்தில் என்னுடைய வீடு வளர்கிறது. என்னுடையது என்றால் நான் கேட்டது இல்லை. எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு வாப்பாவும் நானாமாரும் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். ஆண் பிள்ளை நிக்காஹ் முடிந்ததும் உடுப்புப் பையோடு மனைவி வீட்டுக்குப் போவான். பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு றோட்டு.

சுவர் லிண்டல் வரைக்கும் வந்துவிட்டது. இனிக் கூரை மட்டும்தான். கூரை போட்டால் அடுத்தது மாப்பிள்ளை. இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். எனக்கு மூத்தவ சனூஸா ராத்தாவின் வீட்டுக்கு ஓடு போட்ட அடுத்த மாதம் மச்சான் வந்தார். ஏ.எல். சோதனைக்கு அனுமதி அட்டை வந்த அன்றைக்கு ராத்தா கிணற்றடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தா. அட்டையை என்ன செய்தா என்று நான் கேட்டதில்லை.

எனக்கு அடுத்த வருஷம் அதே சோதனை.

போன கிழமை முஹம்மது தம்பி மேசன் சுவர் நேர் பார்க்கிற தூக்குக் குண்டை ஒளித்துவைத்தேன். இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் புதுசு வாங்கிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கிவிட்டார். ஒரு குண்டை வைத்து ஒரு கலியாணத்தைத் தடுக்க ஏலாது.

19.06.2025, வியாழன்

வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள் என்று நானாவுக்குப் பெரிய சந்தோஷம். இறக்குமதி என்று பெயர்தான். விலையில் இறக்கமும் இல்லை, இரக்கமும் இல்லை.

லீசிங் என்று நானா வாயெடுத்தார். வாப்பா கையை உயர்த்தினார், அவ்வளவுதான். வட்டி இந்த வாசலைத் தாண்டாது. அப்படியென்றால் கையில் இருக்கிற காசு. கையில் இருக்கிறது கூரைக் காசும் உம்மாவின் காப்புகளும்.

எல்லாரும் ஜன்னலால் மேற்குப் பக்கம் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. கெப் எடுத்தால் கூரை இல்லை. கூரை இல்லையென்றால் —

இன்றிலிருந்து நான் புது வாகனக் கட்சி.

26.06.2025, வியாழன்

தம்பலகாமத்துக்கு அங்கால், இருட்டில், வயலுக்கு நடுவில், ஹாஜியார் நின்றுவிட்டார். பின்னால் பெட்டி பெட்டியாகச் சூரை மீன். நானா ட்ராக்டர் தேடி நடந்து போக, வாப்பா தனியே வாகனத்துக்குள். யானை இரண்டு றோட்டில் ஏறி நின்றிருக்கிறது. லைட் போட்டால் கிட்ட வரும் என்று பயம், போடாவிட்டால் எங்கே நிற்கிறது என்று தெரியாது. "ஐஸ் சொட்டுற சத்தத்தக் கேட்டுக்கொண்டு இருந்தன்" என்றார்.

மீன் முழுக்கப் பழுது. கந்தளாயில் மீன் எடுக்கிற கனகரத்தினம் ஐயா சத்தம் போடுகிற மனிதர் இல்லை. இன்னொருக்கா இப்படி நடந்தால் தான் வேறு வாகனம் பார்க்க வேண்டிவரும் என்று மெதுவாகச் சொன்னாராம். வாப்பா அதை எங்களுக்கு நாலு தரம் சொன்னார். ஏசியிருந்தால் ஒரு தரம் சொல்லிவிட்டு மறந்திருப்பார்.

கதிரையில் இருந்து எழும்ப அவருக்கு நானாவின் கை தேவைப்பட்டது. இன்றைக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

27.06.2025, வெள்ளி

வீடு முழுக்க மீன் நாற்றம். ஜும்ஆவுக்குப் போகும்போது வாப்பா அத்தரை இரண்டு மடங்கு பூசினார்.

02.07.2025, புதன்

சொல்லிவிட்டேன். சோறு தின்கிற நேரம், எல்லாரும் இருக்க. என்ட கூரைய நிப்பாட்டிப்போட்டு வாகனத்த எடுங்க, எனக்கு அவசரமில்ல என்று.

சாதாரணமாகத்தான் சொன்னேன். ஆனால் வாப்பாவின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றுவிட்டது. உம்மாவைப் பார்த்து, "புள்ள தன்ட வீட்டையே விட்டுத் தருது, பல்கீஸ்" என்றார். உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நானா என் தலையைத் தடவினார். மூன்று கிழமைக்கு முன்னால் இதே தலையைக் குட்டத் துரத்தியவர்.

எவ்வளவோ பேரை ஏமாற்றி இருக்கிறேன். சிரிப்பு வராமல் ஏமாற்றியது இதுதான் முதல் தரம்.

05.07.2025, சனி

எடுப்பது என்று முடிவு. இனிச் சண்டை இல்லை என்று நினைத்தேன். சண்டை இப்போதுதான் தொடங்குகிறது.

யாருடைய பேரில் எடுப்பது?

நானாவுக்கு மூதூரில் பெண் பேசி வைத்திருக்கிறது, செப்டெம்பரில் நிக்காஹ். உம்மா விரல் மடித்து விளக்கினார். இன்பாஸின் பேரில் எடுத்தால் அவன் போகிற இடத்துக்கு வாகனமும் போகும். எங்கள் காசில் மாமனாரின் லோட்டை ஏற்றும். வாப்பாவின் பேரில் எடுத்தால் நாளைக்கு மகன் முகத்தைத் தொங்கவிட்டதும் வாப்பா எழுதிக் கொடுத்துவிடுவார். (உண்மை. வாப்பா மறுக்கவும் இல்லை.) ஆகவே ஸல்ஹாவின் பேரில். ஆகஸ்டில் எனக்குப் பதினெட்டு. பெண் பிள்ளை எங்கேயும் போகாது, வாகனமும் போகாது.

நானா உம்மாவின் மடித்த விரல்களைப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் தங்கச்சிட ட்ரைவர். அப்பிடியா உம்மா?" என்றார்.

நான் சூட்டைத் தணிக்கிறேன் என்று நினைத்து, சம்பளம் மாதக் கடைசியில்தான், லீவு போட்டால் வெட்டு என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நானா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார்.

என் வாய்க்கும் ஒரு பிரேக் இருந்திருக்கலாம்.

14.07.2025, திங்கள்

நானா பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கட்டாருக்கு, வேலைக்கு. பெண் வீட்டு மூதூர்க்காரர் ஓம் சொன்னால் நிக்காஹ் முடித்துவிட்டுப் போவாராம், இல்லையென்றால் போய்வந்து முடிப்பாராம். வாப்பாவின் இடுப்புக்குக் கந்தளாய் றோட்டை இனித் தனியே ஓட ஏலாது. நானா போனால் புது வாகனம் வளவில் நிற்கும். என் பேரில், பளபளவென்று, ட்ரைவர் இல்லாமல்.

வாகனத்தை வீட்டை விட்டுப் போகவிடாமல் பிடித்தோம். ஓட்டுகிறவன் போகிறான்.

ஒருவரும் சத்தமாகக் கதைப்பதில்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துகிறார்கள். நான் உம்மாவின் சீனிப் போத்தலில் உப்புப் போடலாமா என்று யோசித்து, போத்தலை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். அலுப்பு.

18.07.2025, வெள்ளி

ராத்தா பிள்ளையோடு வந்தா. மேற்குச் சுவருக்குள் பிள்ளையை விளையாட விட்டுவிட்டு ஜன்னல் ஓட்டையில் சாய்ந்து நின்றா. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னா: "உன்னப் பார்த்து எல்லாரும் தியாகி எண்டு அழுறாங்க. எனக்குத் தெரியும்டி, நீ கள்ளி."

ஏச்சு வரும் என்று நின்றேன். வரவில்லை. "எனக்கு அந்த மூளை வரல்லையே" என்றுவிட்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

25.07.2025, வெள்ளி

எழுத வேண்டும். எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது, பரவாயில்லை.

டவுனில் எனக்கு டியூசன். வாப்பா ஹாஜியாரில் கூட்டிப்போனார். ஊர்ப் பாலம் தாண்டினதும் இருமல் கூடிவிட்டது. சீனன்குடாவில் பிரதீஸ் அண்ணனின் கராஜில் போட்டோம். அண்ணன் வாகனத்துக்கு அடியில் படுத்துத் தட்டிக்கொண்டிருக்க, நானும் வாப்பாவும் மீன் பெட்டியைக் கவிழ்த்து இருந்துகொண்டு பிளேன்டீ குடித்தோம். வாப்பா, நானா கட்டாருக்குப் போனால் ஆள் வைத்து ஓட்டலாமா என்று தனக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, நீ இவ்வளவு பெரிய மனசோடு விட்டுத் தந்தும் சரிவரவில்லையே மகள் என்றார்.

அது தாங்க ஏலாமல் போய்விட்டது.

"வாப்பா, நான் ஒண்டும் விட்டுத் தரல்ல. கூரை வேணாமெண்டுதான் வாகனம் கேட்டன். கூரை போட்டா ராத்தாவப் போல என்னையும் முடிச்சு வெச்சிருவீங்க. எனக்குப் படிக்கணும்."

அடியில் சுத்தியல் சத்தம் நின்றது.

வாப்பா கோப்பையில் இருந்ததைக் குடித்து முடித்தார். மண்டியைக் கொட்டினார். கோப்பையைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"இதச் சொல்றதுக்கு ஒரு வாகனம் வாங்கணுமா, மகள்?"

நான் என் கோப்பையையும் அவருடையதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் ஏசவில்லை. நானாவின் பேரில் எடுத்தால் உனக்குக் கூரையும் இல்லை, வாகனமும் இல்லை, தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ஊர் நாலு கதை கதைக்கும் என்றார். ஓம் என்றேன். அப்படியென்றால் படி என்றார். அடியில் திரும்பவும் தட்டல் தொடங்கியது, முன்னையதைவிடப் பலமாக.

28.07.2025, திங்கள்

வாப்பா தீர்ப்புச் சொன்னார். ஓட்டுகிறவனின் பேரில்தான் வாகனம் இருக்க வேண்டும். இன்பாஸ் மூதூரில் இருந்தாலும் கொட்பேக்கு வந்து எங்கள் லோட்டைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். நானா தலையாட்டினார், கட்டார் கதை அதோடு முடிந்தது.

உம்மா அறைக்குள் போனார். வாப்பாவும் போய்க் கதவைச் சாத்தினார். கனநேரம். நான் கதவில் காது வைக்கவில்லை. வைத்தேன், ஒன்றும் விளங்கவில்லை.

உம்மா வெளியே வந்து என்னைத் தாண்டிப் போனார்.

31.07.2025, வியாழன்

உம்மா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. சோறு போடுகிறார், கறி ஊற்றுகிறார், கண் பார்க்கவில்லை. ஏசினால் திருப்பிச் சொல்ல நூறு வைத்திருக்கிறேன். பேசாமல் இருப்பதற்கு ஒன்றும் இல்லை.

12.08.2025, செவ்வாய்

பதினெட்டு. என் பேரில் இருப்பவை: ஓர் அடையாள அட்டை, ஒரு நூலக அட்டை.

உம்மா வட்டிலப்பம் அவித்தார். என் பக்கத்தில் கோப்பையை வைத்துவிட்டு, "எனக்கிட்டச் சொல்லாம வாப்பாட்ட ஏன் சொன்ன?" என்றார். பயம் என்றேன். "நான் பயப்பட வைக்கிறவளா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குசினிக்குள் போனார்.

21.08.2025, வியாழன்

வந்தது. சாம்பல் நிறம், ஒற்றை கெப். ஆசனத்தில் இன்னும் பிளாஸ்டிக் உறை. வாப்பா வலது பக்கக் கதவைத் திறக்கப் போய், நின்று, சுற்றி வந்து இடது பக்கம் ஏறினார். நானா அதைக் கண்டார்.

உம்மா வாகனத்தைத் தடவிப் பார்த்தார். கையில் காப்பு இல்லாததால் சத்தமே வரவில்லை.

ஹாஜியாரைத் தம்பலகாமத்தில் ஒருவர் வைக்கோல் ஏற்றவென்று கொண்டுபோய்விட்டார். ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிப் போனார், கிழவர். இவ்வளவு நாளும் எங்களோடுதான் கோபம் போல.

14.09.2025, ஞாயிறு

நிக்காஹ் முடிந்து, நானா போய்விட்டார். பூ மாலை போட்ட கெப்பில். ஏறுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "உன்ட கூரை என்ட தலையில" என்றார். அவசரப்படாதீங்க, தலை தாங்காது என்றேன். சிரித்தார். எனக்கும் வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

எல்லாரும் உள்ளே போன பிறகும் உம்மா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

17.10.2025, வெள்ளி

இரவு முழுக்க மழை. என்னுடைய வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பொருளியல் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலால் அதில் மழை விழுவதைப் பார்த்தேன். மூன்று அறை, ஒரு ஹோல், ஏழு தவளை.

நானா மூதூரில் இருந்து இருட்டோடு வந்து வாப்பாவை ஏற்றிப் போனார். ஒரு நாளும் பிந்தவில்லை. வாப்பா இப்போது பக்கத்து ஆசனத்தில் நித்திரை கொள்கிறாராம். நானா போனில் சொல்லிச் சிரித்தார். கந்தளாய் வரைக்கும் வாயைத் திறந்தபடி தூக்கமாம். வாழ்நாள் முழுக்க விட்ட தூக்கம்.

மத்தியானம் பக்கத்து வளவு மாமி வேலியடியில் நின்று உம்மாவோடு கதைத்தா. சுவரெல்லாம் பாசி பிடிக்குதே, கூரை எப்ப போடப் போறீங்க என்று. மூதூரில் ஒரு நல்ல இடம் இருக்கிறதாம், பெடியன் ஆசிரியராம்.

உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஸல்ஹா படிக்கிறா" என்றார்.

"நான் கூரையல்லவா கேட்டன், பல்கீஸ்."

"நானும் கூரையத்தான் சொல்றன்" என்றார் உம்மா, களைத்துப்போன குரலில், கழுநீரை வாழையடியில் ஊற்றிக்கொண்டு.