பின்சீட்டுக்கு மாறி உட்கார்ந்தவருக்கு

நான் ஷோரூமில் சண்டை போடவில்லை. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நம் ஷீலா நேற்று மாலையிலிருந்து நாலு வீட்டுக்குப் போன் செய்து, "மம்மி அந்த சேல்ஸ் லேடிய நிக்க வெச்சு மூணு தடவ கேள்வி கேட்டு, அப்புறம் வெளிய வந்து அழுதுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்று தடவை கேட்டது உண்மை. அழுதது உண்மையில்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஏசி காற்று பட்டால் எனக்குக் கண்ணில் நீர் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்பது சண்டையாகாது.

ஷோரூமில் கொடுத்தனுப்பிய புத்தகம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. வழவழப்பான தாள், திறந்தாலே மை வாசனை. நடுப்பக்கத்தில் மேல்மூடி எல்லாம் கழற்றிய காரின் படம் இரண்டு. பார்க்க ஒரே கார்தான். ஒன்றில் மோட்டார் பின்சக்கரங்களை மட்டும் சுற்றுகிறது. மற்றதில் முன்னால் இன்னொரு மோட்டார் இருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கின்றன. ஷீலா, ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நகர்கிற வண்டிக்குப் பின்சக்கரம் போதும் என்கிறாள். மாப்பிள்ளை அருண், மழையில் மலைப்பாதை ஏறவேண்டி வந்தால் நாலு சக்கரமும் வேண்டும் என்கிறார். இரண்டு வாரமாக இதே பேச்சு. கடைசியில், "அத்தை, நீங்களே சொல்லிடுங்க. எப்படியும் எதை வாங்கினாலும் நீங்க குறை சொல்லத்தான் போறீங்க" என்றார். அதனால்தான் என்னையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போனார்கள். வைட்ஃபீல்டு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். போன களைப்பே இன்னும் முழங்காலில் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கன்னடக்காரி, தமிழ் நன்றாகவே பேசினாள். அருண் அவளிடம், "அஞ்சு பேரு, பெட்டி எல்லாம் ஏத்திட்டு ஈர மேட்டுல போனா பின்சக்கர வண்டி தாங்குமா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். "ஏத்திட்டுப் போனா நல்லது சார். பின்னாடி வெயிட் இருந்தாத்தான் பின்சக்கரம் ரோட்ட புடிக்கும். ஆள எறக்கி விட்டீங்கன்னா அது சும்மா சுத்தும், வண்டி வழுக்கும். நெறைய பேரு இந்தத் தப்பத்தான் பண்றாங்க."

நான், "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றேன். சொன்னாள். மறுபடியும் சொல்லச் சொன்னேன். மூன்றாம் தடவை அவள் முகம் மாறிவிட்டது. "ஸ்வல்ப இருங்க மேடம், மேனேஜர கூப்பிடறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நம் பழைய காரில் உட்கார்ந்துகொண்டேன். நடந்தது இவ்வளவுதான்.

உங்களுக்கு மூடிகெரே மண்பாதை ஞாபகம் இருக்கும். நானும் மறந்ததில்லை, ஆனால் தப்பாக ஞாபகம் வைத்திருந்தேன்.

உங்கள் தங்கை லில்லிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் பத்திரிகையைக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த உங்கள் மாமாவுக்குக் கொடுக்கவேண்டும் என்று உங்கள் அம்மா பிடிவாதம் பிடித்தார்கள். ஜூலை மாதம், மூன்று நாளாக விடாத மழை. பின்சக்கரம் இழுக்கிற நம் கிரீம் கலர் காரை நீங்கள் ஓட்டினீர்கள். ஷீலா என் மடியில். பின்னால் உங்கள் அம்மாவும் லில்லியும். டிக்கியில் மாமா வீட்டுக்கு என்று வாங்கிய பாத்திரப் பெட்டி. தோட்டத்து கேட்டைத் தாண்டியதும் செம்மண் மேடு. பாதி ஏறியதும் வண்டி திணறியது.

"இவ்வளவு பாரத்த வெச்சுக்கிட்டு எப்படிங்க ஏறும்? எல்லாரும் எறங்குங்க" என்றேன்.

"வேணாம் ரோசி. பின்னாடி ஆள் இருக்கட்டும்" என்றீர்கள்.

"மழையில எறங்கச் சோம்பலா இருந்தா நீங்க உக்காந்துக்கோங்க. மத்தவங்க எறங்கட்டும். அத்தை, ஷீலாவ வாங்கிக்கிட்டு கொடையப் புடிங்க. லில்லி, வா, தள்ளலாம்."

பெட்டியைக்கூட இறக்கவைத்தேன். நீங்கள் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். "ம், மிதிங்க" என்று நான்தான் கத்தினேன். சக்கரம் சுற்றியது, சேறு என் முகமெல்லாம் அடித்தது, வண்டி குறுக்காகத் திரும்பிக் கீழே வந்தது. நான் வலது பக்கம் நின்றதால் விலகிவிட்டேன். லில்லி நின்ற பக்கம் மண்சுவர். அவளுக்கு ஒதுங்க இடமில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் அம்மா, "எப்படிடா விட்ட?" என்று உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். "என் கைதாம்மா. வழுக்கிடுச்சு" என்றீர்கள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அப்போது நானும் அதை நம்பினேன். இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை, உண்மை அதுதான். பாரத்தை இறக்கினால் வண்டி சுலபமாக ஏறும் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இருந்ததில்லை. உங்களுக்குத்தான் கிளட்சைச் சரியாக விடத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மாதம் பொறுத்திருந்து பார்த்தார்கள். லில்லியின் கால் நேராகாது என்று டாக்டர் சொன்னதும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவளுக்கு ஒன்றும் அமையவில்லை. இரண்டு வருடம் அவள் உங்களோடு பேசவில்லை. நீங்கள் கார் சாவியை என் கையில் கொடுத்து, "இனிமே எனக்கு வேணாம். நீ கத்துக்கோ" என்றீர்கள். நாற்பது வயதில் கற்றுக்கொண்டேன். பிரேசர் டவுனில் புடவை கட்டிக்கொண்டு கார் ஓட்டுகிறவள் என்று என்னைக் காட்டுவார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். உங்கள் வீட்டுக்காரர் ஓட்டமாட்டாரா என்று யாராவது கேட்டால், "அவருக்கு ரிவர்ஸ்தான் நல்லா வரும்" என்பேன். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் வருஷா வருஷம் அதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். லில்லி தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முப்பது வருடம் டூல் ரூமில் இரும்போடு பழகியவர் நீங்கள். எடை எங்கே இருந்தால் எது பிடிக்கும், எது நழுவும் என்பது உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஷோரூமில் முதல் தடவை கேட்டபோது எனக்கு மூடிகெரே நினைவுக்கு வந்தது. இரண்டாம் தடவை கேட்டபோது நீங்கள் கண்ணாடியில் பார்த்தது. மூன்றாம் தடவை கேட்டபோது கோத்தகிரி.

ஷீலாவைக் கோத்தகிரி போர்டிங்கில் சேர்த்த பிறகு ஆறு வருடம், ஒவ்வொரு ஜூனிலும் அதே காரில் நான்தான் ஓட்டிப்போனேன். பெங்களூரிலிருந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவீர்கள். ஹாஸ்டலுக்குக் கீழே, தார் ரோடு முடிந்து சேற்றுப் பாதை தொடங்குகிற வளைவில், "ரோசி, ஒரு நிமிஷம் நிறுத்து. கால் மரத்துப்போச்சு, பின்னாடி நீட்டி உக்காந்துக்கறேன்" என்பீர்கள். இறங்கி மழையில் நனைந்துகொண்டு பின்சீட்டுக்குப் போவீர்கள். ஷீலாவையும் பின்னால் கூப்பிட்டுக்கொள்வீர்கள். அவளுடைய டிரங்குப் பெட்டியைக் கூலியாளிடம் கொடுத்து அனுப்பலாம் என்றால் ஒரு வருடமும் ஒப்புக்கொண்டதில்லை. "டிக்கியிலயே இருக்கட்டும், அவன் எங்கயாவது போட்டுடுவான்."

எனக்கு எரிச்சலாக வரும். "கலெக்டர் வந்துட்டாரு, டிரைவர் ரெடியா இருக்கணும்" என்பேன்.

"கெளம்புங்க டிரைவரம்மா" என்பீர்கள்.

வண்டி ஒரு தடவைகூட வழுக்கியதில்லை. ஹாஸ்டல் வாசலில் சிஸ்டர், "இந்த மழையில் எப்படித்தான் ஏற்றி வருகிறீர்களோ" என்று என்னைப் பாராட்டுவார். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நிற்பேன். நீங்கள் பின்னால் போய்ப் பெட்டியை இறக்குவீர்கள். திரும்பி இறங்கும்போது கால் சரியாகிவிட்டது என்று முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வீர்கள். ஆறு வருடமும் அதே வளைவில் கால் மரத்தது எனக்கு ஒரு தடவையாவது உறைத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் அடுத்தவர் கூட்டலில் பிழை கண்டுபிடித்தே சூப்பரின்டென்டன்ட் ஆனவள் நான்.

உங்கள் மேல் கோபமாகவும் இருக்கிறது. ஏன் சொல்லவில்லை? நான் கேட்டிருக்கமாட்டேன், அது சரி. எதிர்த்துப் பேசியிருப்பேன். லில்லி முன்னால் என்னால் தலை நிமிர முடியாமல் போகும் என்று நினைத்தீர்களா? நாத்தனார் காலை ஒடித்தவள் என்ற பேரோடு உங்கள் அம்மா வீட்டில் நான் இருந்திருக்க முடியாது என்று கணக்குப் போட்டீர்களா? உங்களிடம் கேட்டால், "விடு ரோசி, பழச எதுக்கு" என்பீர்கள். நீங்கள் விட்டுவிட்டீர்கள். இப்போது அது என்னிடம் வந்திருக்கிறது, இந்த வயதில், தூக்குவதற்குத் தெம்பில்லாத நேரத்தில்.

இன்று காலை ஷீலாவிடம், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியையே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். அருணுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, அத்தை என் கட்சி" என்றார். நான் காரணம் சொல்லவில்லை. அந்த வண்டியில் யார் எங்கே உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இராது என்று அந்தப் பெண் சொன்னாள். அது போதும். மேடு வரும்போதெல்லாம் பேசாமல் எழுந்து பின்னால் போகிற ஆள் எல்லோருக்கும் கிடைக்கமாட்டார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது காரல்ல. நாலு வருடத்துக்கு முன் உங்களைப் பெட்டியில் கிடத்தியிருந்தபோது லில்லி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் நெற்றியைத் தொட்டாள். "அண்ணா, நான் உன்ன எப்பவோ மன்னிச்சிட்டேன். கவலப்படாம போ" என்றாள். பக்கத்தில் நான்தான் அவள் தோளைத் தாங்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சினேன். தப்பே செய்யாத மனிதர் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு மண்ணுக்குள் போனார், கொடுத்தவளுக்கு அது இன்னும் தெரியாது. லில்லிக்கு எழுபது தாண்டிவிட்டது. நானும் சொல்லாமல் போய்விட்டால் அவள் மனதில் குற்றவாளியாக நீங்கள்தான் கடைசிவரை நிற்பீர்கள்.

நீங்கள் கட்டிக்காத்ததை உடைக்கிறேன். தடுக்க நீங்கள் இல்லை. கான்வென்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தப்பு செய்தவள் எழுந்து நின்று, யார், என்ன செய்தேன் என்று முழு வாக்கியத்தில் சொல்லவேண்டும். 'நடந்துவிட்டது' என்று சொன்னால் சிஸ்டர் ஒத்துக்கொள்ளமாட்டார். இந்தக் கடிதத்தை உங்கள் பெயருக்குத் தொடங்கினேன், ஆனால் லில்லியின் விலாசத்துக்குத்தான் அனுப்பப்போகிறேன். மிச்சம் அவளுக்கு.

லில்லி, அன்றைக்கு உன்னை வண்டியிலிருந்து இறக்கியது நான். உன் அண்ணன் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. வண்டி வழுக்கியதற்குக் காரணம் அவர் கையில்லை, என் உத்தரவு. அவருக்கு அது தெரியும், எனக்காகச் சொல்லாமல் இருந்தார். நீ அவரிடம் சொன்ன மன்னிப்பு அவருக்குத் தேவையில்லாதது. அதை என் பக்கம் திருப்பு என்று கேட்கும் உரிமை எனக்கில்லை, கேட்கவும் இல்லை.

போன் செய்யாதே. போனில் நான் குறுக்கே பேசிவிடுவேன், நீயும் "பரவால்ல அண்ணி" என்று சொல்லி வைத்துவிடுவாய். உன் மனதில் என்ன தோன்றுகிறதோ அதை அப்படியே, நாலு வரியானாலும், உன் கையால் எழுதி எனக்கு அனுப்பு.