ஞாயிற்றுக்கிழமை போன்

நெம்மேலி குப்பம்,
22.7.1999

தம்பி காத்தவராயனுக்கு அக்கா பார்வதம் எழுதுவது.

அன்புள்ள என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகமாகத்தான் இருக்கிறாய். ஆடித் திருவிழாவுக்கு வந்த ஞானதாஸ், மங்களூரில் உன்னைப் பார்த்ததாகச் சொன்னான். உடம்பு போட்டிருக்கிறாயாம். வேறொருத்தியோடு குடித்தனமாம், கைக்குழந்தை வேறாம். ஊரில் மூச்சுவிடாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கினாயாம். நான் பிடித்த பிடியில் விலாசத்தோடு எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

இங்கே வலையில் மத்தி மீன் படவில்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம் குறையவில்லை. உனக்கென்ன அதைப் பற்றி.

நீ படகு வேலைக்கென்று போன இத்தனை வருஷமும் உன் பெண்டாட்டி ஜெகதாம்பாள் என்ன செய்தாள் தெரியுமா? ஞாயிறுதோறும் மீன் கூடையை இறக்கி வைத்ததும் பஸ் ஸ்டாப் பக்கத்தில் தாவீது வைத்திருக்கும் போன் பூத்துக்குப் போவாள். உனக்குப் போன் போடுவதாக ஊரை நம்ப வைத்திருந்தாள். துன்னியா, காத்து எப்டி கீது, பாத்துப் போ என்று ரிசீவரில் பேசுவாள். நடுவில் சிரிப்பாள். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். என் தம்பி தங்கம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மீட்டரே ஓடவில்லை என்பது தாவீதுக்கு மட்டும் தெரியும். அந்த நல்ல மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

மற்ற பெண்களோடு அவள் ஒட்டவும் மாட்டாள். யாராவது உன்னைப் பற்றித் துருவினால் மாட்டிக்கொள்வோமே என்று சந்தைக்குக்கூடத் தனியாகவே போய் வருவாள். ராங்கி பிடித்தவள் என்று திட்டினோம்.

போன ஞாயிறு உன் மகள் சங்கவி அடம்பிடித்து பூத்துக்குள் நுழைந்துவிட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். எப்போதும் லைன் கட்டாயிட்ச்சி என்று சொல்லிச் சமாளிக்கும் அம்மாவிடமிருந்து ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். அதில் கொர்ரென்ற சத்தம்தான் கேட்டதாம். பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், வெளியே நின்ற எங்களைப் பார்த்தாள். பிறகு, நல்லா கீறியா நைனா, எனக்கு இன்னா வாங்கினு வருவே என்று சிரித்துச் சிரித்துப் பேச ஆரம்பித்தாள்.

ஒன்பது வயசுப் பிள்ளை, அம்மா மானத்தைக் காப்பாற்றுகிறதடா பாவி.

ஜெகதாம்பாள் ரிசீவரை வாங்கி வைத்தாள். வெளியே வந்து, அந்தாளு ஒரு தபாகூட பேசினதில்ல, எல்லாம் நான் வுட்ட கதை என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். மறுநாள் காலையில் மீன்காரப் பெண்கள் எல்லோரோடும் ஒரே வேனில் ஏறிக் கேளம்பாக்கம் சந்தைக்குப் போனாள். பேசுகிறவர்கள் பேசினார்கள். அவளும் நன்றாகவே திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

ஞானதாஸ் சொன்னதை நான்தான் அவளிடம் சொன்னேன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நேற்று என் வீட்டுக்கு வந்து தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். மூணாவது முடிச்சி நாத்தனார் நீதானே போட்டே, நீயே அவுத்து வுடு என்றாள். என் கை எழவில்லை. பத்து நாள் பொறு என்று அவளைக் கெஞ்சினேன். உனக்காக இல்லை. என் கையால் போட்டதை என் கையாலேயே அவிழ்க்க எனக்குத் தைரியம் வர வேண்டும்.

இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு சாயங்காலம் தாவீது பூத்துக்குப் போன் பண்ணு. நம்பரைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஜெகதாம்பாள் வர மாட்டாள். சங்கவியை நான் கூட்டிப் போகிறேன். வர மாட்டேன் என்பதை உன் வாயால் அவளிடம் சொல். பொய் சொல்லாதே, சாக்குச் சொல்லாதே. பெற்றவனாக அதையாவது செய்.

நீயும் அந்தக் கைக்குழந்தையும் நன்றாக இருங்கள். அது என்ன பாவம் செய்தது.

நைனா பேசுமா என்று சங்கவி கேட்டாள். தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த
பார்வதம்