மோடம் அணைந்த மதியம்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்தே மூட்டம். கோர்ட்டில் இன்றும் வாய்தாதான், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லையாம். தினமும் யாருக்காவது சரியில்லை.

செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர் புக் பண்ண. அண்ணிக்கு பி.பி. மாத்திரை. ஆணையத்துக்குக் கருத்து அனுப்ப.

தொலைத்தொடர்பு ஆணையம் புது விதிக்கு வரைவு போட்டிருக்கிறது. இனி வீட்டு போன் எல்லாமே இன்டர்நெட் வழியாக, மோடத்தில்தான். கரண்ட் இல்லாத நேரம் அவசரத்துக்கு எப்படிக் கூப்பிடுவது? அதற்கு ஒரே வரி. வாடிக்கையாளர் விரும்பினால் பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ளலாம். விரும்பினாலாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் போய் ஒரு மாதம் ஆகிறது. பாபநாசம் பக்கத்தில் ஊர். மழை மதியம், கரண்ட் இல்லையாம், அண்ணனுக்கு நெஞ்சுவலி. அண்ணி ரிசீவரை எடுத்தால் சத்தமே இல்லை. செல்லில் டவர் இல்லை. நனைந்துகொண்டே மெயின் ரோட்டுக்கு ஓடி, ஒரு டிராக்டரை நிறுத்தி, ஆள் கூட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. பழைய கம்பி போன் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசும். புயலில்கூடப் பேசியது. அதைக் கழற்றிவிட்டுத்தான் இதை மாட்டினார்கள்.

இவர்களைச் சும்மா விடுவதாக இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் 20-ம் தேதி, வீடியோவில். பேர் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை. துணி காயவில்லை, வீடெல்லாம் நாற்றம்.

என் புகாருக்கு போன் கம்பெனியிலிருந்து ஒரு பையன் பேசினான். மரியாதையான பையன்.

"மேடம், அன்னிக்கு அந்த ஏரியால கரண்ட் போகவே இல்ல. அதே தெருவுல மத்த மோடம் எல்லாம் ஓடியிருக்கு. உங்க அண்ணன் வீட்டுது மட்டும் ஆஃப்ல இருந்திருக்கு. நெட்வொர்க்ல ஃபால்ட் இல்ல மேடம்."

கத்தினேன். அவன் பாவம், ஸாரி ஸாரி என்றான்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இடி. எங்கள் ஊரில் முதல் இடி கேட்டதும் வீடு முழுக்க பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, ஒன்று பாக்கி இராது. ஒரு வருஷம் இடி விழுந்து தெருவில் இருந்த டிவி எல்லாம் போனதிலிருந்து இந்தப் பழக்கம். பழைய போனுக்கு பிளக்கே கிடையாது, அது பாட்டுக்கு இருக்கும். அண்ணி மோடத்தையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறார். பிடுங்கினால் போனும் போய்விடும் என்று மாட்டியவன் சொல்லியிருக்க வேண்டாமா?

அண்ணி இன்னும் கரண்ட் போனதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை எந்த வாயால் போய்ச் சொல்வேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஊருக்குப் போனேன். பஸ்ஸில் பின்சீட்டில்:

"நட்ட பயிரு தண்ணிக்குள்ள கெடக்கு. வடிஞ்சாத்தான் உண்டு."

"எங்க வடியிறது, வடிகாலே ரொம்பிக் கெடக்கு."

அண்ணன் படத்தில் போட்ட மாலை ஈரத்தில் பூசணம் பூத்திருந்தது. கழற்றட்டுமா என்றேன். இருக்கட்டும் என்றார் அண்ணி.

சாப்பிடும்போது அண்ணி கேட்டார்: "கம்பெனிக்காரங்க என்ன சொன்னாங்க?"

"கரண்ட் இல்லாமப் போச்சுல்ல அண்ணி, அதான். யாரு மேலயும் தப்பு இல்ல."

"சரி" என்றார். ரசம் ஊற்றினார்.

பொய் சாட்சியைக் கூண்டில் ஏறும்போதே கண்டுபிடிப்பேன் என்று ஜூனியர்களிடம் பீற்றிக்கொள்வேன். இன்று என் மூஞ்சி எப்படி இருந்ததோ.

முடிவு: கூட்டத்தில் பேசப் போவதில்லை. நான் வாயைத் திறந்தால் கம்பெனிக்காரன் எல்லார் முன்னாலும் சொல்வான், வீட்டுக்காரங்களே ஆஃப் பண்ணிட்டாங்க என்று. அண்ணி காதுக்கு வராமல் இருக்காது. விதி எக்கேடோ கெடட்டும்.

ஆனால் அதே மோடத்தைத்தான் ஊர் ஊராக மாட்டிக்கொண்டு வருகிறார்கள். இன்னும் கார்த்திகை மழை முழுசாக இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

கோர்ட்டிலிருந்து வந்தால் வாசலில் அண்ணி. பையில் முருங்கைக்காய்.

"நாளைக்குத்தான கூட்டம்? என்ன பேசப் போற?"

பேசவில்லை என்றேன். தொண்டை கட்டியிருக்கிறது, கேஸ் இருக்கிறது, ஏதேதோ உளறினேன்.

"எனக்காகப் பாக்காத. அன்னிக்கு கரண்ட் இருந்துச்சு. அவரைத் தூக்குறப்ப மேல பாத்தேன், ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாமல், அந்த வீட்டில் தனியாக. கரண்ட் இல்லை என்று நான் சொன்னபோதும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ரெண்டு பேரும் அழுதோம். நல்லா அழுதோம். பிறகு அண்ணி முருங்கைக்காய் நறுக்க உட்கார்ந்தார்.

நவம்பர் 20, வியாழன்

லேசாக வெயில். கூட்டம் பதினோரு மணிக்கு என்றார்கள், ஆரம்பித்தது பன்னிரண்டுக்கு மேல். எல்லாம் ஆங்கிலம். பேட்டரி கட்டாயம் என்றால் செலவு கூடும் என்று ஒரு கம்பெனிக்காரர் படம் போட்டுக் காட்டினார். தலைவர் தலையாட்டினார்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் போட்டேன். அண்ணி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"வணக்கங்க. எனக்கு ஊரு பாபநாசம் பக்கம். இடி இடிச்சுது, நான்தான் மோடத்தைப் புடுங்குனேன். அதோட போனும் போயிடும்னு எனக்கு யாரும் சொல்லலீங்க. எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரு. மத்த வீட்டுலயும் புடுங்குவாங்க. அத மட்டும் எழுதிக்கங்க."

நான் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். இடி இடித்தது என்கிற வரைக்கும்தான் வந்திருப்பேன். நேரம் முடிந்தது, அடுத்தவர் என்றார் தலைவர். மைக்கை அவர்களே அணைத்துவிட்டார்கள்.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கிட்டாங்களா?"

எழுதிக்கிட்டாங்க அண்ணி என்றேன்.