மூன்று நாள் பிந்திய கரண்ட்

செப். 14, திங்கள்
கச்சான் காற்று. வாயெல்லாம் மண். வெள்ளி அமாவாசை. பத்தாம் வகுப்பை நட்சத்திரம் பார்க்கக் கூட்டிப்போக அதிபர் சம்மதம். நாவற்குடாவில் அண்ணாந்தால் தெருவிளக்குதான். அதனால் வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்துக்கும் அப்பால், எங்களுக்கு இடம் தரச் சம்மதித்த பாக்கியம் அக்காவின் ஊர். சண்டை ஓய்ந்தும் இன்னும் கரண்ட் போய்ச் சேராத ஊர். நல்ல இருட்டு.
தேவை: பாய் 6, நுளம்புத்திரி, பைனாகுலர் (ஜே. மாஸ்டரிடம்), இராணுவ முகாமில் அனுமதிக்குப் பெயர்ப்பட்டியல் 3 பிரதி.

செப். 15, செவ்வாய்
பாக்கியம் அக்கா போனில். "நல்ல நாள் பாத்துத்தான் வாறீங்க சேர்! வெள்ளிக்கிழமதான் எங்களுக்கும் கரண்ட் வருது." சந்தோசம் என்றேன். பொய். எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருசம் வராதது, என் வெள்ளிக்கிழமைதானா வரவேண்டும்?
அங்கே லைன் இழுக்கிற கொந்தராத்து வேலை மச்சான் ரவிக்கு. பின்னேரம் அவன் வீடு. தேத்தண்ணி.
"மூண்டு நாள் பிந்தினா என்ன மச்சான்? திங்கள் குடு."
"மீட்டர் வரல்ல எண்டு சொல்லிர்றன். விடு."
அவ்வளவு லேசு.

செப். 17, வியாழன்
முகாமில் பட்டியல் சரி. பஸ் சரி. ஜே. மாஸ்டர் பைனாகுலரை இன்னும் தரவில்லை.
பாக்கியம் அக்கா மறுபடி. "மீட்டர் வரல்லயாம் சேர், திங்களாம். ஊரோட பொங்கிறதுக்கு எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு. மகள் ஞாயிறு சவூதிக்குப் போறாள். வீட்டில லைட் எரியிறதப் பாத்திட்டுப் போகணும் எண்டிருந்தவள். என்ன செய்யிற."
உடனே ரவிக்கு எடுத்தேன். ஆட்களைக் கல்முனை வேலைக்கு அனுப்பிவிட்டானாம். "நீதானே கேட்ட?"
ஓம். நான்தான்.


செப். 19, சனி
நேற்று வானம் துப்புரவு. விருச்சிகம் தலை முதல் கொடுக்கு வரை. பிள்ளைகள் வாய் மூடவில்லை. பொங்கலுக்கு வைத்த அரிசியில் எங்கள் எல்லோருக்கும் பொங்கிப் போட்டார்கள். என் பங்கைப் பக்கத்துப் பையனின் தட்டில் தள்ளினேன்.
பாக்கியம் அக்கா பக்கத்தில் வந்து: "எல்லா வீட்டிலயும் குப்பி விளக்க நூத்துப்போட்டம் சேர், ஒரு வெளிச்சமும் இல்ல. புள்ளையள் வடிவாப் பாக்கட்டும்."
அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கம் கெட்டவன் நான்.
அக்காவின் மகள் தர்சினி பாயில் பிள்ளைகளோடு. "நான் போற இடத்திலயும் இது தெரியுமா சேர்?"
"தெரியும்."
அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருட்டு உதவியது.

செப். 20, ஞாயிறு
பைனாகுலர் திருப்பிக் கொடுத்தாயிற்று. மத்தியானம் தர்சினி கொழும்பு பஸ் ஏறியிருப்பாள். பஸ் நிலையத்துக்குச் சைக்கிளில் கிளம்பி, பாதியில் திரும்பினேன்.

செப். 21, திங்கள்
பி.ப. 6.40. பாக்கியம் அக்கா போன். பின்னால் ஒரே ஆரவாரம், கோயில் மணி.
"வந்திட்டு சேர், வந்திட்டு! மகளுக்குத்தான் முதல் எடுத்த. அவள்ர போன் வேலை செய்யுதில்ல. அதான் உங்களுக்குச் சொல்றன்."