உள்ளங்கை கறுத்த பெண்

பிப்ரவரி 3, திங்கள்
பிஷ்கெக்கில் பனி விட்டபாடில்லை. காலையில் வார்டு சுற்று. எங்கள் பொது மருத்துவப் பிரிவின் தலைவி புருல் அசானோவ்னா எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஜிப்பார், நாக்கை வீட்டுல வச்சுட்டு வந்துட்டியாம்மா?" பதில் எனக்குத் தெரியும். வார்த்தைதான் வரவில்லை. பயிற்சியில் இரண்டாம் வருடம், இன்னுமா?

அண்ணன் கசானிலிருந்து பேசினான். "விட்டுட்டு வா. இங்க தோல் அழகு கிளினிக்ல ஆள் தேடுறாங்க. ஒருத்தரும் உன்னை அதட்ட மாட்டாங்க." யோசிக்கிறேன் என்றேன். நிஜமாகவே யோசிக்கிறேன்.

பிப்ரவரி 5
என் பொறுப்பில் புது நோயாளி. கனிஷாய். நாரின் என்ற மலை ஊர்ப் பக்கம், ஆடு வளர்க்கும் குடும்பம். என் வயதுதான். வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, உடம்பு கரைந்துகொண்டே போகிறது. பார்த்த டாக்டர்கள் எல்லாரும் "மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிட்டார்களாம்.

புருஷன் ஷைலோபெக் அவள் காதுபடவே சொன்னான்: "டாக்டரம்மா, நோயெல்லாம் இல்ல. சோம்பேறித்தனம். எங்கம்மாவும் அதான் சொல்றாங்க." அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தலையணை அடியில் ஒரு பை நிறைய குருத், காய்ந்த உப்புத் தயிர் உருண்டை. "உப்பு இல்லாம இருக்க முடியல டாக்டர்."

பிப்ரவரி 6
ரத்த அழுத்தம் இன்றும் மிகக் குறைவு. நாடி பிடித்தபோது தற்செயலாகக் கையைத் திருப்பினேன். உள்ளங்கைக் கோடுகள் மையால் வரைந்ததுபோல் கறுப்பு. ஈறிலும் கறை. "மலை வெயில்ல கறுத்துட்டேன்" என்றாள்.

மலை வெயில் வாய்க்குள்ளேயா அடிக்கும்? அதுவும் பிப்ரவரியில்?

பிப்ரவரி 7
கறுத்த கோடு, உப்பு ஆசை, குறைந்த அழுத்தம், மூன்றும் ஒரே நோயைக் காட்டுகின்றன என்று என்னோடு பயிற்சியில் இருக்கும் உலுக்கிடம் சொன்னேன். "சுற்றுல சொல்லிடு. தப்பா இருந்தா தலையையா எடுத்துடுவாங்க?"

"எடுத்துடுவாங்க."

"உள்ள மூளை இருக்கான்னு அப்பவாவது தெரியும்ல!"

சொன்னேன். "சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி வேலை செய்யலன்னு நினைக்கிறேன்." பின்னால் யாரோ சிரித்தார்கள். புருல் அசானோவ்னா என்னையே பார்த்தார். "அபூர்வ நோயெல்லாம் புத்தகத்துல இருக்கும் பொண்ணே. வார்டுல இருக்காது." கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, ரத்தம் எடுத்து அனுப்பு."

பிப்ரவரி 10
முடிவு இன்னும் வரவில்லை. மதியம் கனிஷாய் கை கழுவப் போன இடத்தில் சரிந்து விழுந்தாள். நாடி நூல்போல். புருல் அசானோவ்னா வேறு கட்டிடத்தில். போனில் கூப்பிட்டேன்.

"நீ என்ன நினைக்கிற?"

"ஹைட்ரோகார்டிசோன் போடணும். முடிவு வர்ற வரைக்கும் காத்திருந்தா போயிடுவா."

"அப்புறம் ஏன் என்கிட்ட பேசிட்டு நிக்கிற? போடு!"

போட்டேன், அந்தச் சுரப்பி சுரக்கத் தவறிய ஹார்மோனை ஊசியாக. உலுக் சலைன் ஏற்றினான். வராந்தாவில் ஷைலோபெக் தொப்பியைக் கசக்கியபடி குந்தியிருந்தான். "சும்மா சொன்னேன் டாக்டரம்மா… சோம்பேறின்னு சும்மாதான் சொன்னேன்…" எனக்கும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கண் விழித்தாள். "பசிக்குது" என்றாள். பசிக்குதாம்!

பிப்ரவரி 12
முடிவு வந்தது. அதேதான். ஸ்கேனும் பார்த்தாயிற்று, காசநோய் அந்தச் சுரப்பிகளை அரித்திருக்கிறது. காசநோய்க்கு மருந்து உண்டு. சுரப்பி செய்யாத வேலைக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை. ஆனால் வாழ்நாள் உண்டு.

பிப்ரவரி 14
சுற்றில் புருல் அசானோவ்னா கனிஷாயின் கையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். "இதை நான் பார்க்கல. ஜிப்பார் பார்த்தா." அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 21
கனிஷாய் வீட்டுக்குக் கிளம்பினாள். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. மூட்டை முடிச்செல்லாம் ஷைலோபெக் தோளில். "மெதுவா வா, மெதுவா வா" என்று அவளுக்கு முன்னால் நடந்தான். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அண்ணனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "பைத்தியம்" என்றான். இருக்கட்டும்.

மார்ச் 3
கால் வீங்கிய ஒரு பெரியவர். யாரும் வாய் திறக்குமுன் "இதயம்" என்றேன். தப்பு, அவர் சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையால் வந்த வீக்கம். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். "ஏன் தப்புன்னு நீயே சொல்லு" என்றார் புருல் அசானோவ்னா. சொன்னேன்.

கேன்டீனில் இன்று லாக்மன் நூடுல்ஸ் அருமை. இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.