புளி போட்டுத் தேய்த்த பச்சை என்ஜின்

நேற்று எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை. மிஷினைத் துடைக்கச் சொல்லி சூப்பர்வைசர் ஆளுக்கொரு துணி கொடுத்தார். எண்ணெய் வாசனையோடு அந்தத் துணி கைக்கு வந்ததும் மிஷின் மேலேயே சாய்ந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் நிற்கும் பெண், "இன்னாக்கா, காய்ச்சலா? நீ போய் குந்து, நான் தொடச்சிடறேன்" என்று வாங்கிக்கொண்டாள். ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டும், மாமா. நேரில் வா, போ என்றே பேசிய வாய் இது. புருஷனுக்குக் கடிதம் என்று உட்கார்ந்தால் 'நீங்கள்' என்று வருகிறது.

மணிமங்கலத்தில் நமக்கு இருப்பதே இரண்டு அறை. அதில் ஒன்றை உங்கள் பொம்மை ரயில் பிடித்துக்கொண்டது. சாவி கொடுத்தால் ஓடும் தகர என்ஜின்கள், எல்லாம் நம் இருவரையும்விட வயதில் மூத்தவை. சென்னையில் பழைய சாமான் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கித் தேடிக்கொண்டு வருவீர்கள். "கழுத வயசாச்சி, இன்னும் பொம்ம வண்டி ஓட்டிக்கினு கீற. மானம் போவுது" என்று கத்துவேன். தரையில் குப்புறப் படுத்தபடியே, "ஒரு ரவுண்டு பாத்துட்டு அப்பறம் திட்டுடீ" என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் உங்களைப் போலவே நாலைந்து பேர் தாம்பரம் பக்கமிருந்து தங்கள் வண்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஸ்பிரிங் அறுந்தால் அதற்கு உங்கள் கைதான் வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே எத்தனை டீ போட்டிருப்பேன்!

அந்த வண்டிகளுக்கு நீங்கள் தண்ணீர் காட்டியதே இல்லை. மெத்தென்ற பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு சரி. சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷத்துக்கு முந்திய ஆயுத பூஜைக்கு உங்களுக்குக் காலை ஷிப்ட், எனக்கு லீவு. நீங்கள் ரொம்ப நாள் தேடிக் கண்டுபிடித்த அந்தப் பச்சை என்ஜினை எடுத்தேன். புளி, பாத்திரம் தேய்க்கிற பவுடர், தேங்காய் நார். பச்சை கரைந்து ஓடியது, பக்கத்தில் எழுதியிருந்த தங்க நிற நம்பரும் போனது. உள்ளே தகரம் புது டம்ளர் மாதிரி பளபளத்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கையில் பொரிப் பையோடு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். வாசற்படியிலேயே நின்றீர்கள். பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினீர்கள்.

"பச்ச போயிட்ச்சி மாமா, பரவால்லியா?"

"அழுக்குதாண்டி பச்சையா இருந்துகீது. சூப்பரா மினுக்கிட்ட."

"கண்ணு ஏன் செவந்துகீது?"

"பஸ்ல ஒரே தூசி."

சொல்லிவிட்டு நீங்களே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தீர்கள். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை. "இன்னா, உன் ரயில் கூட்டாளிங்க ஒருத்தனையும் காணோம்?" என்று சிரித்தேன். "எல்லாருக்கும் ஓ.டி., இன்னா பண்ணுவாங்க பாவம்" என்றீர்கள். தொல்லை விட்டது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. தனியாகவே சாவி கொடுத்து, தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இந்தப் பங்குனியில் ஒரு காலை ஷிப்டுக்குப் போகும்போது, ஒரகடம் வருவதற்குள் மார்வலி என்று பஸ் சீட்டிலேயே சாய்ந்தீர்கள், எழுந்திருக்கவே இல்லை.

போன ஞாயிறு உங்கள் கூட்டாளிகளில் பெரியவர் என்னைப் பார்க்க வந்தார். அந்தப் பளபள என்ஜினைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "பழைய வண்டிக்குப் பழைய பெயிண்ட்தாம்மா உசுரு. துரு புடிச்சாலும் தேய்க்கக் கூடாது. எல்லாம் தெரிஞ்ச மனுஷன், இத நானே புளி போட்டுத் தேச்சேன்னு வந்து நிக்கிறாரு! எங்களுக்குக் கோவம் வந்துட்ச்சி. அப்பறம் யாரும் அவர் கையில வண்டி குடுக்கல. வர்றதையும் நிறுத்திட்டோம். இப்ப மனசு கேக்கல."

"நான்தான் தேச்சேன், அண்ணே. அவரு டியூட்டில இருந்தாரு."

"எல்லார்கிட்டயும் சொல்றேம்மா" என்று டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம். வருகிற ஞாயிறு அத்தனை பேரும் வண்டிகளோடு நம் வீட்டுக்கு வருகிறார்கள். டீ போட்டு வைப்பேன், முணுமுணுக்க மாட்டேன். உங்கள் நல்ல பெயரைத் திருப்பித் தந்துவிட்டேன், மாமா. ஆனாலும் நெஞ்சில் கிடப்பது இறங்கவில்லை. இத்தனை வருஷம் வாய் ஓயாமல் நான் உங்களைத் திட்டினேனே, அன்றைக்கு ஒரே ஒரு தடவை நீங்கள் என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? மிஞ்சிப் போனால் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கு இருந்திருக்கும்.