பயந்தவனுக்கு ஓட்டு

மச்சான்,

இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. தெருவே முகம் சுளித்தது. பக்கத்து வீட்டு மருமகள் பிடித்த குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இவ்ளோ கொட்றானுங்க" என்று திட்டிக்கொண்டே போனாள். நான் ஒரு செம்பு பிடித்து வாசனை பார்த்தபடி நின்றேன். எனக்கு அந்த நாற்றம் வந்தால் அன்றைக்கு நிம்மதி. வராத காலைகளில் செம்பு வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றுவிடும். என் வீட்டில் இதைக் கிறுக்கு என்கிறார்கள். உனக்குத் தெரியும், கிறுக்கு இல்லை.

பத்து வருஷம் ஊராட்சித் தேர்தலே இல்லாமல் கிடந்து, ஒரு வழியாக வந்தபோது நீ தலைவருக்கு நின்றாய். உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் வாசிக்கத் தெரியாது. நானும் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எண்ணெய்ச் செக்குக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும் வழியில் பஸ் போர்டையும் சுவரொட்டியையும் எழுத்துக்கூட்டி, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் படிக்கக் கற்றேன். அதற்கு முன்பு ஒவ்வொரு அரசாங்கக் கட்டடத்துக்கு முன்னாலும் எப்படி நின்றேன் என்று எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன், ஊரை நடத்த நாலு எழுத்து தெரிந்தவன் வேண்டும் என்று. நீ என் தோளில் கையைப் போட்டுச் சிரித்தாய்.

"படிச்சவன் ஒரு வேல கெடச்சா ஊர வுட்டுப் போயிடுவான் மச்சான். நான் எங்க போவப்போறேன், சொல்லு."

உனக்குப் புத்தி கம்மி என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மாட்டுச் சந்தையில் விற்க வந்தவன் நடையைப் பார்த்தே மாட்டுக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவாய். சண்டை போட்டுக்கொண்டு வருகிற அண்ணன் தம்பியை ஒரே இலையில் சாப்பிட வைத்து அனுப்புவாய். ஆனால் உன் ஆட்கள் சுவரெல்லாம் வெள்ளையடித்து எழுதியது உன் புத்தியைப் பற்றி இல்லை. எதற்கும் பயப்படாதவர் என்று எழுதினார்கள். அதுதான் எனக்கு ஒப்பவில்லை. நீ ஜெயித்தாய். தப்பு சொல்ல முடியாதபடி நடத்தினாய். தெருவிளக்கு வந்தது, காலனிக்குக் குழாய் வந்தது. ஊரே என்னைக் கேலி பேசியது.

அப்புறம் அந்தப் பௌர்ணமி. மலை சுற்ற வருகிறவர்களுக்கு நம் ஊர் எல்லையில் தண்ணீர்ப் பந்தல் போடுவது நமக்கு எவ்வளவு பெருமை! மெட்ராஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் நம் பந்தலில் வாங்கிய தண்ணீரை அங்கேயே துப்பியது. "என்னங்க, மருந்து நாறுது" என்று அந்த அம்மா சொன்னது உன் காதில் விழுந்தது. உன் முகம் கறுத்துப்போனதை நான் பார்த்தேன். ஓட்டு கேட்டபோது திட்டியவனிடம்கூட நீ அப்படி முகம் கறுத்ததில்லை.

மறுநாள் மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினாய்.

"சாமி கும்புட வர்றவங்க நம்ம தண்ணிய வாயில வச்சிட்டுத் துப்பிட்டுப் போறாங்க. இத விட ஊருக்கு அவமானம் வேணுமா? இனிமே டேங்க்குல பிளீச்சிங் தூள் போடக் கூடாது. பானையில வெட்டிவேர் போடுங்க. நம்ம தண்ணி மணக்கணும்."

கைதட்டல் அடங்க நேரமானது. நான் எழுந்தேன்.

"மச்சான், அத நிறுத்தாத. அந்தத் தூள எதுக்குப் போடறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாததாலதான் நிறுத்தாதன்றேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே, "தெரியாதவன் ரெண்டு பேரு தகராறு பண்றோம், ஊரு வேடிக்க பாக்குது. யாராச்சும் தெரிஞ்சவன் சொல்லுங்கப்பா" என்றாய். மேலத்தெருப் பையன், பி.ஏ. முடித்து வீட்டில் இருந்தவன், எழுந்து நின்றான். "அது கெமிக்கல்ங்க. நரம்புக்கு ஆவாது. ஜாஸ்தி குடிச்சா கை கால் வராது" என்றான். படித்தவன் சொல்லிவிட்டான். அதோடு முடிந்தது. என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை, வீட்டுக்கு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒருவன், "படிக்காதவன் படிச்சவனுக்கே பாடம் எடுக்கறான்பா" என்றது இப்போதும் காதில் இருக்கிறது.

அடுத்த பௌர்ணமிக்குத் தண்ணீர் மணந்தது. வந்தவர்கள் இரண்டாம் தம்ளர் வாங்கிக் குடித்தார்கள். நீ பந்தலில் நின்று கையாலேயே ஊற்றினாய். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எங்கேயோ குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கிறது. அது எங்கே என்று பிறகு ஊரையே தோண்டித்தான் கண்டுபிடித்தார்கள்.

முதலில் தெற்குத்தெருவில் வாந்தி. பிறகு ஒவ்வொரு வீடாக. என் பெரியவள் அப்போது காலேஜில் சேர்ந்திருந்த வருஷம். காலையில் நன்றாக இருந்த பெண், மத்தியானம் கண் உள்ளே போய்க் கிடந்தாள். விரலைத் தொட்டால் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி சுருங்கிக் கிடந்தது. "அப்பா" என்று கூப்பிட வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. நீ வந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டிராக்டருக்கு ஓடியதுதான் நினைவிருக்கிறது.

அன்று நீ செய்ததை நான் மறைக்க மாட்டேன். எத்தனை பேரைத் தூக்கினாய்! சட்டையெல்லாம் வாந்தி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் அப்படியே போய் உட்கார்ந்து, "டாக்டருங்க வண்டி கெளம்பற வரைக்கும் எழுந்துக்கமாட்டேன்" என்றாய். வண்டி வந்தது. என் மகள் பிழைத்தாள். தெற்குத்தெருக் கிழவி ஒருத்தி பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாய். "ஒரு பி.ஏ. இப்படி ஓடி வந்திருப்பானா மச்சான்?"

வந்திருக்க மாட்டான். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ ஓடற மாதிரி ஆவாம இருந்திருக்கணும்" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய்.

என்னைத் தூங்கவிடாதது நம் ஊர்க் கணக்கு மட்டும் இல்லை. அன்று இரண்டாம் தம்ளர் வாங்கிக் குடித்தவர்கள் எந்தெந்த ஊர்ப் பஸ்ஸில் ஏறினார்கள்? எந்த வீட்டில் எந்தப் பிள்ளை படுத்தது? ஒருவரும் திரும்பி வந்து நம்மிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. கிரிவலக் கூட்டத்தில் ஒரு முகம் தெரிந்த முகம் மாதிரி இருந்தால் நான் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அடுத்த தேர்தலில் நீ கும்பிட்டபடி என் வாசலுக்கு வந்தபோது, "உனக்குப் போடமாட்டேன்" என்றேன். "நீ போடலன்னாலும் ஜெயிப்பேன், ஒரு காப்பி குடு" என்றாய். காப்பி கொடுத்தேன். ஜெயித்தாய். சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் உன்னைப் பார்த்த ஊர், உனக்குத்தான் போடும். அதைத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை.

நெஞ்சுவலி வந்து நீ படுத்திருந்த கடைசி நாட்களில் ஒரு மத்தியானம். உன் சம்சாரம் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தாய்.

"கோயில் முன்னால நீ எழுந்து கேட்டியே, அப்பவே எனக்குத் திக்குனு இருந்துச்சி மச்சான். யாராச்சும் ஒரு டாக்டரக் கேக்கலாம்னு தோணுச்சி. தெரியலன்னு ஊர் முன்னால சொன்னா அவ்ளோதான். பயந்தவனுக்கு எவன்டா ஓட்டு போடுவான்?"

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அத்தனை வருஷமாக, உனக்குப் பயம் தெரியாது, படிக்காததால் பயம் தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கும் என்னைப் போலவே பயம் தெரிந்திருக்கிறது. அதை உள்ளே போட்டு மிதித்துக்கொண்டு நிற்கும்படி உன்னை நிற்கவைத்தது கைதட்டிய ஊர். படிப்பு வேண்டும் என்பதை நான் இன்றும் விடமாட்டேன். ஆனால் அந்த மேலத்தெருப் பையனிடமும் படிப்பு இருந்தது. அவனும் தெரியாது என்று சொல்லவில்லை.

இந்த முறை நம் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த என் பெரியவளை நிற்கச் சொல்கிறார்கள். பி.எஸ்ஸி. படித்தவள், நீ தூக்கிக்கொண்டு ஓடியவள் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி ஓட்டு கேட்கலாமாம். நேற்று உன் பழைய ஆட்கள்தான் வீட்டுக்கு வந்தார்கள்.

"எனக்குப் பயமா இருக்குது சித்தப்பா. எனக்கு எவ்ளோ விஷயம் தெரியாது" என்றாள் அவள், வந்தவர்களில் மூத்தவரைப் பார்த்து.

"அத வெளிய சொல்லிடாதம்மா. ஒரு ஓட்டு வுழாது. நீ தைரியமா நாலு வார்த்த பேசு, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"அவளுக்கு இன்னா தோணுதோ அதச் சொல்லட்டும்" என்றேன். ஒருவன் எரிச்சலோடு, "உம் பொண்ணு தோக்கணும்னே குந்தியிருக்கியாய்யா?" என்று கேட்டான். அவர்கள் போன பிறகு, நீ என் கையைப் பிடித்துச் சொன்னதை அவளிடம் சொன்னேன். அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று சாயங்காலம் கோயில் முன்னால் பேசுகிறாள். மைக்செட்காரன் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறான், இங்கே கேட்கிறது. என்ன பேசப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் தோற்றால் நான் தாங்கிக்கொள்வேன் மச்சான். அவர்கள் சொன்னபடி பேசி, கைதட்டு வாங்கி, ஜெயித்துவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.